மல்டிமீடியாவும் வெப் டிசைனும் படிக்க மூன்று ஆண்டுக் கல்லூரி தேவையா?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருக்கிறாள்; மல்டிமீடியா தயாரிப்பும் வெப் டிசைனும் சேர்ந்த பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்கிறாள்; உறவினர்கள் நர்சிங்கில் சேர்க்கச் சொல்கிறார்கள்; அண்ணன் மகனோ, "இதெல்லாம் யூடியூப் பார்த்தே படிச்சிரலாம் சித்தப்பா, மூணு வருஷம் வீண்" என்கிறான்; சேர்க்கலாமா, சேர்த்தால் எந்த லேப்டாப் வாங்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. கேள்வி லேப்டாப்பில் முடிந்தாலும் அவரை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். கைபேசியில் இலவசமாகக் கிடைப்பதாகச் சொல்லப்படும் ஒரு படிப்புக்கு மூன்று ஆண்டுகளையும் கட்டணத்தையும் கொடுத்தால், கைபேசி தராத எதை அந்தக் கல்லூரி தரும் என்பதுதான் அது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். லேப்டாப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

எந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1997-இல் மார்த்தாண்டத்தில் சிறிய ஸ்டுடியோ ஒன்றைத் தொடங்கி, வி.எச்.எஸ். கேசட்டில் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுத்ததில் என் தொழில் ஆரம்பமானது. பிறகு வலைத்தளம் செய்யக் கற்றுக்கொண்டேன். 2006 முதல் 2020 வரை நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இவ்விரண்டு பாடங்களையும் பகுதிநேரமாக நடத்தினேன். ஆகவே கலை அறிவியல் கல்லூரிப் பட்டப்படிப்பைப் பற்றியும், சிறிய ஸ்டுடியோக்களிலும் சிறிய வலைத்தள நிறுவனங்களிலும் நடக்கும் வேலையைப் பற்றியும் கண்ணால் கண்டதைச் சொல்ல முடியும். சினிமா கிராஃபிக்ஸ் கூடங்களிலோ வீடியோ கேம் நிறுவனங்களிலோ நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அந்த வழிதான் உங்கள் மகளின் குறி என்றால், அங்கே இருப்பவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

விஷுவல் கம்யூனிகேஷன், மல்டிமீடியா, டிஜிட்டல் மீடியா, அனிமேஷன் என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறினாலும், நீங்கள் குறிப்பிடும் வகைப் படிப்புக்குள் இருப்பவை இரண்டு தனித் தொழில்கள். படம் பிடிப்பது, ஒலிப்பதிவு, எடிட்டிங், அனிமேஷன் எல்லாம் ஒரு தொழில். இங்கே பார்ப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார், நாம் காட்டுகிற வரிசையில், காட்டுகிற நேரத்துக்குப் பார்ப்பார். வலைப்பக்கம் செய்வது இன்னொரு தொழில். அங்கே வருகிறவர் தன் அவசரத்தோடு வருவார், எங்கே வேண்டுமானாலும் தொடுவார், பிடிக்காவிட்டால் அடுத்த நொடி போய்விடுவார். சி.டி.ராம் வழக்கில் இருந்த 1990-களில் வீடியோ, ஒலி, எழுத்து, பொத்தான் எல்லாம் ஒரே வட்டுக்குள் அடங்கின. மல்டிமீடியா என்ற சொல் பரவலானதும் அப்போதுதான். அந்த வட்டு வழக்கொழிந்த பிறகும் பாடத்திட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கின்றன. வண்ணம், எழுத்துரு, புகைப்படம், வரைதல் ஆகியவை இரண்டுக்கும் பொது என்பதால் இந்தச் சேர்க்கை முழுத் தவறும் அல்ல. ஆனால் எடிட்டிங்கில் பத்து மணி நேரம் அலுக்காமல் உட்காரும் பிள்ளைக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற வலைப்பக்க நிரல்மொழியில் ஒரு அரைப்புள்ளியைத் தேடுவது வேப்பங்காயாகக் கசப்பதையும், அதற்கு நேர்மாறானதையும் வகுப்புதோறும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே அளவு கை வந்தவர்கள் என் மாணவர்களில் மிகச் சிலர். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எது தன் முதல் தொழில் என்று மாணவி தீர்மானித்துவிட வேண்டும். அப்படித் தீர்மானிக்காதவர்கள்தான் மூன்றாம் ஆண்டு முடிவில் எதற்கு விண்ணப்பிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

இனி அண்ணன் மகன் சொல்வது. மென்பொருளைப் பற்றி மட்டும் அவர் பேசுகிறார் என்றால், சரியாகத்தான் சொல்கிறார். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கல்லூரியைவிட யூடியூப் வேகமாகவும் புதிதாகவும் சொல்லிக்கொடுக்கும். இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. நான் பாடம் நடத்த வந்த புதிதில் வலைப்பக்கத்துக்கு அசையும் படம் செய்யும் ஃபிளாஷ் என்ற மென்பொருள் பாடத்திட்டத்தில் பெரிய இடத்தைப் பிடித்திருந்தது. அதை வைத்திருந்த மேக்ரோமீடியா நிறுவனத்தையே அடோபி 2005-இல்தான் வாங்கி முடித்திருந்தது, எல்லாரும் அதுதான் எதிர்காலம் என்றார்கள். 2010-இல் ஐஃபோனில் ஃபிளாஷை ஏன் அனுமதிக்கவில்லை என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாக எழுதியபோதே அதன் கதை முடியத் தொடங்கிவிட்டது. 2017-இல் அடோபியே முடிவு தேதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. எங்கள் பாடத்திட்டமோ இதையெல்லாம் காதில் வாங்காமல் பல ஆண்டுகள் அதையே நடத்தச் சொன்னது. நானும் நடத்தினேன், அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஒன்றை மட்டும் கவனித்தேன். மெனுக்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அந்தத் தாள்கள் பிறகு எதற்கும் உதவவில்லை. விழும் பந்து தரையை நெருங்க நெருங்க ஏன் வேகமாக வேண்டும், எழும்பும்போது ஏன் மெதுவாக வேண்டும் என்று நோட்டில் ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பழகியவர்கள், அதே அறிவை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளுக்கும், வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் செய்யும் அனிமேஷனுக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்படியானால் கல்லூரி தருவது என்ன என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர் தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்கப் போனார்கள். விடியும் முன்பே போய், டியூப் லைட் வெளிச்சத்தில் பிச்சிப்பூ எடை போடுவதையும், ஒரு பெரியவர் அரளிப்பூவை மடித்து மடித்து மாணிக்க மாலை கட்டுவதையும் பொறுமையாக எடுத்துக்கொண்டு வந்தார்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாக இருந்தது. ஆய்வகத்துப் பெரிய திரையில் ஓட்டியபோது, கடைக்குள் எடுத்த ஷாட் ஒவ்வொன்றிலும் மங்கலான கறுப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. கேமரா பழுதாகிவிட்டது என்றார்கள். பழுது ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஓர் உறவினர் கொண்டுவந்த கேமரா அது, நொடிக்கு 60 சுழற்சி மின்சாரம் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளின் என்.டி.எஸ்.சி. வீடியோ அமைப்பில், ஷட்டர் 1/60 என்று, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஒளி விழும்படி இருந்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. சோக் வைத்த பழைய டியூப் லைட் அதனால் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், 1/100 என்றால் ஒன்று. 1/60 என்றால் ஒன்றும் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவுமாக அரைகுறையாக விழும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்த அரைகுறை பட்டையாகத் தெரிகிறது. அடுத்த வாரம் மறுபடியும் மூன்று மணிக்கு எழுந்து போய், நொடிக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்து எடுத்தார்கள். முதல் முறை எடுத்ததில் ஒரு ஷாட்கூட மிஞ்சவில்லை.

இந்த விளக்கம் யூடியூபில் இல்லாமல் இல்லை, நூறு பேர் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த ஐந்து பேருக்கும் என்ன என்று தேடுவது என்றே தெரியாது; தனியாகக் கற்றிருந்தால் கேமராவைக் குறை சொல்லிவிட்டு, பட்டைகளோடு வெளியிட்டிருப்பார்கள், பாராட்டும் நான்கு வந்திருக்கும். உன் வேலையில் இன்ன குறை இருக்கிறது, போய் மறுபடி எடு என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் இருப்பதும், அதைக் கேட்டு முகம் சுளித்தபடியாவது மறுபடி எடுக்க வைக்கிற மதிப்பெண் பயம் இருப்பதும்தான் கல்லூரி. கடற்கரையில் எடுத்த பேட்டியில் பேச்சைவிடக் காற்று சத்தமாக இருக்கிறது என்பதையும் பிறகு மென்பொருளால் சரிசெய்துவிடலாம் என்று நம்பித்தான் எல்லாரும் வருவார்கள். முட்டத்தில் அடிக்கிற காற்றை எந்த மென்பொருளும் முழுதாக எடுத்ததில்லை. மைக்கைச் சட்டையில் மாட்டி, பஞ்சுறை போட்டு, பேசுபவரைக் காற்றுக்கு முதுகுகாட்டி நிற்க வைப்பதுதான் வழி.

வெப் டிசைன் பக்கத்திலும் இதே போன்ற, அதுவும் தமிழுக்கே உரிய, இடறல்கள் உண்டு. ஒரு மாணவி போட்டி ஒன்றுக்கான பதிவுப் படிவத்தை மிக நேர்த்தியாகச் செய்தாள். ஊர்ப் பெயர் பெட்டிக்குப் 10 எழுத்து போதும் என்று வரம்பு வைத்தாள். சோதித்துப் பார்க்கையில் "கன்னியாகுமரி" என்று தட்டினால் "கன்னியாகும" என்று நின்றுவிட்டது. நாம் எண்ணினால் ஏழே எழுத்து. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடிலோ புள்ளியும் கால் கொம்புகளும் தனித்தனிக் குறியீடுகள். அந்தக் கணக்கில் 'ன்' இரண்டு, 'னி' இரண்டு, 'யா' இரண்டு என்று போய் மொத்தம் 12 ஆகிவிடும். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக வரவழைக்கும் அனிமேஷனைத் தமிழுக்கு அப்படியே போட்டால், முதலில் 'ன' வந்து அதன் தலையில் பிறகு புள்ளி வந்து உட்காருவதும் இதனால்தான். தமிழ் வரிகளுக்கு ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியை வைத்தால், மேல்வரி எழுத்தில் கீழே இறங்கும் சுழியும் கீழ்வரி எழுத்தில் மேலே ஏறும் வளைவும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப்போல 1.6 மடங்காவது கொடுத்தால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். இன்னும் நம் ஊர் அச்சகங்களிலும் ஸ்டுடியோக்களிலும், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த நோட்டீஸ்கள் குவிந்து கிடக்கின்றன. அதை அப்படியே வலைப்பக்கத்தில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை மெய்ப்பும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பாடக் காணொளிகளில் இவற்றைச் சொல்ல ஆள் இல்லை. நம் ஊர்க் கல்லூரியில் சொல்வார்களா என்றால், ஆசிரியரைப் பொறுத்தது. ஆனால் தமிழில் வேலை கொடுக்கும் வாடிக்கையாளர் நாளைக்கு முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்வைக்கு அழகாக இருப்பதே வெப் டிசைன் என்று பெற்றோரும் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்கும் ஒருவருக்காகச் செய்த மாணவர் பக்கம் ஒன்றில், தலா 5 எம்.பி. எடையுள்ள எட்டுப் புகைப்படங்கள், கேமராவிலிருந்து வந்தபடியே ஏற்றப்பட்டிருந்தன. மொத்தம் 40 எம்.பி.; நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வரும் கைபேசிக்கு அது வந்து சேர 80 நொடி. அதே படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஒவ்வொன்றும் 150 கே.பி. அளவுக்குக் கொண்டுவந்ததும் இரண்டரை நொடிக்குள் பக்கம் முழுதும் வந்துவிட்டது. படத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைப் பின்னணியில் தேன் நிறத்தில் விலை எழுதியிருந்தார்கள், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் அம்மாவிடம் காட்டினேன், விலையே போடவில்லையே என்றார். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, பார்வைக் குறை உள்ளவர்களும் வலைத்தளத்தைப் பயன்படுத்துவதற்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டியில் உள்ள அளவு. இப்படி அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டவர்களுக்கு வேலை கிடைப்பதில் நான் அதிகச் சிரமத்தைக் கண்டதில்லை.

பாடத்திட்டத்தில் தாளாக இல்லாமல், குழு வேலையில் மட்டும் வரும் பயிற்சி ஒன்றும் உண்டு. கோப்புகளுக்குப் பெயர் வைப்பதும், நகல் எடுத்து வைப்பதும், சொன்ன தேதியில் கொடுப்பதும். 2011-இல் ஒரு கல்யாண வீடியோ முழுவதையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து அது விழுந்தது. வாங்கிய பணத்தையும் அதற்கு மேலும் கொடுத்து அந்த வீட்டில் போய் நின்றேன். மணப்பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பதை மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டே பழக்கினேன். 'இறுதி', 'இறுதி புதியது', 'உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகளை வைத்துக்கொண்டு எதைச் சமர்ப்பிப்பது என்று விழிக்கும் பிள்ளையை ஒரு செமஸ்டருக்குள் திருத்திவிடலாம்.

பட்டத்தைப் பற்றி. நான் அறிந்த ஸ்டுடியோக்களிலும் வலைத்தள நிறுவனங்களிலும் முதலில் கேட்பது செய்த வேலையின் மாதிரிகளைத்தான்; சான்றிதழை வேலையில் சேர்ந்த பிறகு கோப்பில் வைக்கக் கேட்பார்கள். ஆனாலும் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம் இருந்தால், ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற குரூப் 2 போன்ற அரசுத் தேர்வுகளுக்கும் கதவு திறந்திருக்கும். தனியார் பயிற்சி நிலையங்கள் தரும் டிப்ளமோவுக்கு அந்த மதிப்பு கிடையாது. பி.எஸ்சி., பி.ஏ. தவிர பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டமும் உண்டு; பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கொண்டுவந்தது. ஓராண்டோடு நிறுத்தினால் டிப்ளமோ, ஈராண்டோடு அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம். பாடத்தில் பெரும்பகுதி, அதாவது 60 விழுக்காடு, தொழில் பயிற்சி. வீட்டு நிலைமை நடுவில் மாறக்கூடும் என்ற கவலை இருப்பவர்களுக்கு இது பொருந்தும். பிற்காலத்தில் ஆசிரியர் வேலைக்குப் போகும் எண்ணம் மகளுக்கு இருக்குமானால், இந்தப் பட்டத்தோடு பி.எட். சேர முடியுமா என்பதைச் சேரும் முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு அதை விரிவாக்கியிருக்கிறார்கள். அரசு உதவிபெறும் கல்லூரியில் சேர்வதாலேயே கட்டணம் குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் அங்கேயும் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கின்றன. பிரின்சிபால் அறைக்குப் போகும் முன் அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்லமாட்டேன். ஒரு நல்ல ஆசிரியர் மாறிப்போனால் இந்தத் துறையின் தரமே இரண்டாண்டில் மாறிவிடும், ஆகவே நான் இன்று சொல்லும் பெயர் நாளை உங்களை ஏமாற்றலாம். நேரில் போய்ப் பாருங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் ஸ்டுடியோப் படத்தைப் பார்க்காமல், சென்ற ஆண்டு கடைசி வருட மாணவர்கள் செய்த படம் ஒன்றையும் வலைத்தளம் ஒன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில். அறுபது பேருக்கு எத்தனை கேமரா, அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா, அல்லது அலமாரியில் பூட்டி வைத்து ஆய்வுக்குழு வரும்போது மட்டும் துடைப்பார்களா என்பதை மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேன்டீனில் வைத்துக் கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. எந்த ஆண்டின் பாடத்திட்டம் நடக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். வெப் டிசைன் தாளில் கைபேசித் திரைக்கு ஏற்ப மாறும் பக்க அமைப்பு இல்லையென்றால், அந்தத் தாள் பழையது. அந்த முறைக்குப் பெயர் வந்தே 2010-இல். செய்முறைத் தேர்வு இருக்கிறதா, அதை நோட்டில் எழுதி முடித்துக்கொள்கிறார்களா என்பதையும் கேட்கலாம். நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து கல்லூரி விட்டு வர மாலைப் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள். ஆய்வகம் ஆறு மணி வரை திறந்திருந்தும், நாலரை மணிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைக்கு அது பூட்டிய ஆய்வகம்தான்.

வேலை விஷயத்தில் உறுதியாகச் சொல்லக் கூடியதும் சொல்லக் கூடாததும் உண்டு. நம் மாவட்டத்துக்குள் ஸ்டுடியோ வேலையும், திருச்சபைகள், பள்ளிகள், மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றுக்கு வலைத்தளம் செய்து பராமரிக்கும் வேலையும் எப்போதும் இருக்கின்றன. ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு, ஸ்டுடியோ வருமானம் கல்யாண மாதங்களை நம்பியது. களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் வலைத்தளம், செயலி சார்ந்த நிறுவனங்கள் பல உள்ளன, விளவங்கோடு, கிள்ளியூர் பகுதிப் பிள்ளைகளுக்கு ஓரளவு மலையாளம் வருவது அங்கே கைகொடுக்கும். சினிமா, தொலைக்காட்சி எடிட்டிங் என்றால் சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம்தான் போக வேண்டும். அங்கே முதல் ஓரிரு ஆண்டுகள் அறை வாடகைக்கே வருமானம் போதாது என்று போன என் மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு இந்த வேலைகளை எடுத்துக்கொள்ளுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். படத்தின் பின்னணியை வெட்டி எடுப்பது, பேச்சை எழுத்தாக்கி சப்டைட்டில் போடுவது, எளிய பக்கத்துக்கு நிரல் எழுதுவது ஆகியவற்றில் புதிதாகச் சேர்பவர்கள் செய்துவந்த பல மணி நேர வேலை நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது, இது கண்கூடு. அதனால் தொடக்க நிலை வேலைகளின் எண்ணிக்கை இன்னும் மூன்று ஆண்டில் எவ்வளவு குறையும் என்று அடித்துச் சொல்பவர் யாரையும் நம்பாதீர்கள். நர்சிங்கோடு ஒப்பிட்டால், படித்து முடித்ததும் வேலை என்ற நிச்சயம் இதில் குறைவு. உறவினர்கள் அதைத்தான் கருதுகிறார்கள் என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் விருப்பமில்லாமல் நர்சிங்கில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் இழந்த ஆண்டுகளும் கணக்கில் வர வேண்டும்.

பெண் பிள்ளை என்பதால் உங்களுக்கு இருக்கக் கூடிய, ஆனால் கேள்வியில் எழுதாத தயக்கம் ஒன்றையும் தொட்டுவிடுகிறேன். படப்பிடிப்பு வேலையில் நேரம் காலம் கிடையாது. கல்யாண வீட்டு முந்தின நாள் இரவு முடிந்து காலை வழிபாட்டுக்கே மறுபடி நிற்க வேண்டும். கல்லூரிப் படப்பிடிப்புக்கு மாணவர்கள் வெளியே போகும்போது கூட ஆசிரியர் போகிறாரா என்று தயங்காமல் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. என் வகுப்பில் படித்த பெண்களில் சிலர் இன்று கேமராவோடு தாங்களே கல்யாணங்களுக்குப் போகிறார்கள். மணப்பெண் அலங்கார அறைக்குள் ஆண் புகைப்படக்காரரை விட விரும்பாத வீடுகள் அவர்களைத் தேடி அழைக்கின்றன. பலர் எடிட்டிங், வலைத்தளம் என்று வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பக்கத்துக்குப் போனார்கள். எது என்பதை இப்போதே நீங்கள் முடிவு செய்துவிடாமல், அவள் பார்த்து முடிவு செய்ய இரண்டாண்டு விடுங்கள்.

லேப்டாப்பை இப்போது வாங்காதீர்கள். முதல் ஆண்டில் வரைதல், புகைப்படம், வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். ஆகியவற்றுக்கு வீட்டில் இருக்கும் எந்தக் கணினியும், ஆய்வகமும் போதும். அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று தெரிந்த பிறகு வாங்கினால் பணம் மிச்சம். வலைத்தளம் பக்கம் என்றால் நடுத்தர லேப்டாப்பே போதும். வீடியோ பக்கம் என்றால் 16 ஜி.பி. ரேமும், தனி கிராஃபிக்ஸ் அட்டையும், வெளியே மாட்டும் இரண்டு ஹார்ட் டிஸ்கும் தேவைப்படும். நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிவாகும் வீடியோ மணிக்கு 45 ஜி.பி. பிடிக்கும், 512 ஜி.பி. என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வது பதினோரு மணி நேரப் பதிவில் நிறைந்துவிடும். மென்பொருளுக்குப் பணம் வேண்டாம்: எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், படத்துக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றித் தரும் திருட்டு மென்பொருள் மட்டும் வேண்டாம். அதோடு கூட வருகிற வைரஸ் கடைசி நேரத்தில் புராஜெக்டையே விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு மகளை இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். கையில் இருக்கும் கைபேசியிலேயே உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ நடக்கும் ஒரு வேலையை, ரப்பர் பால் வெட்டுவதோ, ஓலை முடைவதோ, பேச்சே இல்லாமல், பார்ப்பவருக்குப் புரியும்படி இரண்டு நிமிடப் படமாக எடுத்து அடுக்கட்டும். அதே வேலையைப் பற்றி நோட்பேடில் தன் கையால் எச்.டி.எம்.எல். எழுதி, கைபேசியில் திறந்தால் சரியாகத் தெரிகிற ஒரே ஒரு தமிழ்ப் பக்கம் செய்யட்டும். இதற்கு யூடியூபை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், அண்ணன் மகனையும் உதவிக்குக் கூப்பிடலாம். இரண்டில் எதை முடித்தாள், எதைப் பாதியில் விட்டாள், எதைத் தானாக மறுபடி திருத்தினாள் என்பதைக் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். படத்தையும் பக்கத்தையும் அனுப்பினால், குறைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.